ரெண்டு ரூட்டரும் பதினாலு டோல்கேட்டும்

பேய் பிசாசுன்னு யாராவது கதையை ஆரம்பிச்சா எந்திரிச்சு உள்ள போயிடுற ஆளுங்க நான். பையனுக்குக் காய்ச்சல்னா எங்க மாமியார் மந்திரிச்சுட்டு வரலாம்பாங்க, நான் மாத்திரையைக் கரைச்சு அவன் வாயில ஊத்திட்டு, எல்லாம் சரியாப் போச்சுங்கத்தைன்னு சொல்லிடுவேன். அப்படிப்பட்டவதான் இதைச் சொல்றேன். நீங்க சிரிச்சாலும் சரி, எனக்கு மண்டை குழம்பிடுச்சுன்னு நெனச்சாலும் சரி. ராத்திரி பன்னெண்டு மணிக்கு நடந்திருந்தாலாவது தூக்கக் கலக்கம்னு விட்டுடலாம், இது பட்டப்பகல், மண்டையைப் பொளக்குற வெயில், பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடிட்டு இருக்கு.

நான் திருச்செங்கோட்டுல இருக்கேன். வீட்டுக்காரர் போர்வெல் போடற ரிக் வண்டியில மேனேஜர், வடக்க போனா ஆறு மாசம் ஆளைப் பார்க்க முடியாது. பையன் பொறந்ததுல இருந்து அஞ்சு வருஷமா நான் வேலைக்குப் போகலை. சேலத்துல ஒரு கம்பெனியில, நெட்வொர்க் பரீட்சை பாஸ் பண்ணி சர்டிஃபிகேட்டோட வாங்க, எடுத்துக்கறோம்னாங்க, அடுத்த மாசக் கடைசி வரைக்கும்தான் டைம். இதை விட்டா அப்புறம் என்னை எவனும் கூப்பிடப் போறதில்லைன்னு எனக்கே தெரியும்.

சொல்லிக் குடுத்தவ சுதா. காலேஜ்ல இருந்தே கூட்டாளி, ஜேடர்பாளையத்துக்காரி, அவ ஏற்கெனவே இதே வேலையிலதான் இருந்தா. அவங்க ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட ரெண்டு பழைய ரூட்டரைக் கொண்டாந்து என் சாப்பாட்டு டேபிள் மேல வெச்சு, இதுலயே பழகிக்கடின்னா. எனக்கு ரூட்டிங் மண்டையில ஏறவே இல்லை. கடைசியில லாரிக்காரங்க கணக்குல சொன்னாத்தான் உனக்கு வெளங்கும்னு ஆரம்பிச்சா. நெட்ல போற தகவல் மூட்டை, அதான் பாக்கெட், அது லோடு லாரி, ரூட்டருங்கறது டோல்கேட். கேட்டுல இருக்கறவனுக்கு மொத்த வழியும் தெரியாது, அடுத்த கேட் எதுன்னு மட்டும்தான் தெரியும், அங்க அனுப்பி விட்டுடுவான். லாரி கிளம்பறப்ப அறுபத்து நாலு சீட்டு குடுத்து விடுவாங்க, ஒவ்வொரு கேட்டுலயும் ஒண்ணு கிழிச்சுக்குவாங்க. சீட்டு தீர்ந்துட்டா லாரி அங்கயே முடிஞ்சுது. வந்து சேர்ந்த லாரியில எத்தனை சீட்டு மிச்சம்னு பார்த்தா, எத்தனை கேட் தாண்டி வந்திருக்குன்னு தெரிஞ்சுடும், அவ்வளவுதாண்டின்னா. புஸ்தகத்துல முப்பது பக்கம் படிச்சும் புரியாதது அன்னிக்குப் புரிஞ்சுது.

ஒரு ஞாயித்துக்கிழமை அவளுக்குப் போன் பண்ணி, ரூட்டரை லேப்டாப்ல மாட்டற கேபிளைக் காணோம், உன்னுதை எடுத்துட்டு வாடின்னேன். பொய்ங்க. கேபிள் அலமாரியிலதான் இருந்துச்சு. அவ வந்தா சும்மா இருக்க மாட்டா, பாதி வேலையை அவளே முடிச்சுக் குடுத்துடுவா, அந்தச் சோம்பேறித்தனம். "அரை மணி நேரத்துல வாரேன்டி"ன்னு சொன்னா. கிளம்பினவ வந்து சேரலை. வளைவுல வண்டி சறுக்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கூடக் கொண்டு போகலை, ரோட்டுலயே போயிட்டா. எழவு வீட்டுல அவங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எங்கடி கிளம்பினா இந்த வெயில்லன்னு கேட்டுக் கேட்டு அழுதாங்க. எனக்குத் தெரியலைங்கம்மான்னு சொல்லிட்டேன். அதையும் பொய்தான் சொன்னேன்.

இருபது நாள் புஸ்தகத்தைத் தொடலை. பரீட்சைக்குப் பணம் கட்டியாச்சு, அடுத்த வெள்ளிக்கிழமை தேதி, வேற வழியில்லாம சனிக்கிழமை மத்தியானம் உக்காந்தேன். ஒரு மிஷின் இன்னொரு மிஷினை இருக்கியான்னு கூப்பிட்டுப் பாக்கறது ஒண்ணு இருக்கு, பிங்னு சொல்லுவாங்க. பழக்க தோஷத்துல, பாடம் நடக்கறப்ப மாட்டி வெச்சுக் கூப்பிட்டுப் பழகின சுதா லேப்டாப்போட முகவரியை அடிச்சுட்டேன். பதில் வரக் கூடாதுங்க. அந்த லேப்டாப் அவங்கம்மா வீட்டு பீரோவுல பூட்டிக் கெடக்கு. என் டேபிள் மேல இருந்த ரூட்டருக்கு வெளி இன்டர்நெட்டே கிடையாது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணும் என் லேப்டாப்போடயும் மட்டும்தான் மாட்டியிருக்கு.

பதில் வந்துச்சு. மிச்சம் அம்பது சீட்டுன்னு காட்டுச்சு. அப்படின்னா பதினாலு கேட் தாண்டி வந்திருக்கு. என் வீட்டுல இருக்கறதே ரெண்டு.

நான் ஏதோ தப்பா மாட்டிட்டேன்னுதான் முதல்ல நெனச்சேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன். வீட்டுக்காரருக்குப் போன் பண்ணா, மிஷின் சூடாயிருக்கும், ஃபேனைப் போட்டு விடுன்னாரு. ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுப் பார்த்தேன், அம்பத்தொண்ணு. திங்கக்கிழமை அம்பத்திரண்டு. சீட்டு ஏறுதுன்னா கேட் குறையுது, கேட் குறையுதுன்னா கிட்ட வருது. ஆனாலும் பாருங்க, அந்தப் பயத்துலயும் கணக்குப் போட்டேன், நாளுக்கு ஒரு கேட்டுன்னா இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு, வெள்ளிக்கிழமை பரீட்சை முடிஞ்சதும் ரூட்டரைத் தூக்கி எறிஞ்சுடலாம்னு.

செவ்வாக்கிழமை தாங்க முடியாம அடுத்தடுத்து மூணு தடவை கூப்பிட்டுட்டேன். அம்பத்து மூணு, அம்பத்து நாலு, அம்பத்தஞ்சு. அப்பத்தான் உறைச்சுது, நாள் கணக்கே இல்லைங்க. நான் கூப்பிடக் கூப்பிடத்தான் ஒவ்வொரு கேட்டா தாண்டி வர்றா. அன்னிக்கும் நான் கூப்பிட்டுத்தானே கிளம்பினா.

அதோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தலை. பயம் ஒரு பக்கம், அவதான் வர்றாங்கற நெனப்பு ஒரு பக்கம், அழுதுக்கிட்டே அடிச்சுட்டு இருந்தேன். அறுபத்திரண்டுல கை நின்னுடுச்சு. மிச்சம் ரெண்டே கேட், அது என் கண்ணு முன்னால டேபிள் மேல இருக்கற ரெண்டு ரூட்டர். பையன் ஸ்கூல் விட்டு வர்ற நேரம் வேற. எல்லாத்தையும் மூடிட்டு வாசல்ல போய் நின்னுட்டேன்.

புதங்கிழமை மத்தியானம் அந்த முகவரி பக்கமே போகக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டுத்தான் உக்காந்தேன். பரீட்சைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு, படிக்காமலும் முடியாது. கேபிள்ல என்னென்ன சேதி ஓடுதுன்னு வரி வரியாக் காட்டற ஸ்க்ரீன் ஒண்ணு இருக்கு, அதைத் திறந்து வெச்சிருந்தேன். நான் ஒண்ணையுமே கூப்பிடலை. ஒரு வரி வந்துச்சு. என் முகவரியைப் போட்டு, இது யாருகிட்ட இருக்கு, எனக்குச் சொல்லுன்னு ஒரு கேள்வி. கேட்டது சுதா முகவரியில இருந்து.

மிஷினுங்க சாதாரணமாக் கேட்டுக்கற கேள்விதான் அது. ஆனா அந்தக் கேள்வியை எந்த ரூட்டரும் தாண்ட விடாது, பாடத்துல அதுதான் ஆரம்பமே. ஒரே கேபிள்ல, ஒரே எடத்துக்குள்ள இருக்கறவங்க மட்டும்தான் அதைக் கேட்க முடியும்.

நொடிக்கு ஒரு தடவை அதே வரி. யாருகிட்ட இருக்கு, எனக்குச் சொல்லு. என் லேப்டாப் தானா பதில் சொல்லணும், சொல்லலை. திரும்பிப் பார்க்கறதுக்குக் கழுத்து வரலைங்க. கடைசியில நான்தான் ஸ்க்ரீனைப் பார்த்துட்டே சொன்னேன், "கேபிள் எங்கிட்டத்தான்டி இருந்துச்சு. பொய் சொல்லித்தான் உன்னையக் கூப்பிட்டேன்."

வரி நின்னுடுச்சு. பக்கத்து வீட்டு மிக்ஸியும் அப்பத்தான் நின்னுச்சு. ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கற வரைக்கும் நான் அந்தச் சேரை விட்டு அசையலை.

வெள்ளிக்கிழமை பரீட்சை எழுதினேன், பாஸ் ஆயிட்டேன், அந்தக் கம்பெனியிலதான் இன்னிக்கு வரைக்கும் இருக்கேன். ரூட்டர் ரெண்டையும் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டாச்சு. யாருகிட்டயும் வாயைத் திறக்கலை. பரீட்சைக்கு அடுத்த வாரம் சுதாவோட அம்மா போன் பண்ணாங்க. முன்ன மாதிரி அழுகலை, குரல் தெளிஞ்சிருந்துச்சு.

"தெனமும் கனவுல வந்துட்டே இருந்தா சாமி, வண்டியில போய்ட்டே இருப்பா, கூப்புட்டாத் திரும்பமாட்டா. போன புதங்கெழமையில இருந்து வர்றதில்ல. எங்கியோ ஒரு ஊடு பாத்துச் சேந்துட்டாளாட்ட இருக்குது. எம் மனசு இப்பத்தான் ஆறுச்சு சாமி."

ஆமாங்கம்மான்னு சொல்லி வெச்சேன். வேற என்னத்தைச் சொல்றதுங்க? சேர வேண்டிய எடத்துக்குச் சேர்ந்துட்ட பாக்கெட்டை எந்த ரூட்டரும் மேற்கொண்டு எங்கயும் அனுப்பாது. நாங்க இன்னும் அதே வீட்டுலதான் குடியிருக்கோம். தொந்தரவுன்னு ஒண்ணும் இல்லை, மத்தியானத்துல மட்டும் நான் அந்த டேபிள்ல தனியா உக்கார்றதில்லை.