அருமைப்பிள்ளை தொலைத்த நாடகங்கள்

கைடு வேலையில் இருப்பதைக் காட்டுவது சுலபம். இல்லாததைக் காட்டுவதுதான் உயிரை வாங்கும். வாடிக்கையாளரிடம் "தெரியாது" என்று சொல்ல முடியாத பிழைப்பில் மாட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

கோத்தகிரி பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் நான் கைடு. நாடக மேதை அருமைப்பிள்ளை ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே தங்கி நாடகங்கள் எழுதினாராம், எல்லாம் தொலைந்துபோனதாம். எப்படித் தொலைந்தது என்று யாருக்கும் தெரியாது. வருகிறவர்களோ அதைத்தான் முதலில் கேட்பார்கள். "ஒருத்தர் மூஞ்சி சுளிச்சாலும் உன்னைய வேலைய விட்டு அனுப்பிருவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கின்றன. பயத்தில் ஆளுக்கொரு கதை கட்டி நானே அவற்றைத் தொலைக்க ஆரம்பித்தேன்.

டஸ்ட் டீ

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர் மகனோடு வந்தார். மழையில் நமுத்த நாடகத் தாள்களை அருமைப்பிள்ளை தேயிலை பேக்டரிக்குக் கொண்டுபோய், இலை வாட்டும் தொட்டியில் கொழுந்தோடு பரப்பிக் காயவைத்தார் என்றேன். அவர் கண்ணசந்த நேரத்தில் ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி மெஷினில் கொட்டிவிட்டார்கள், நாடகம் டஸ்ட் டீயாகிவிட்டது என்று முடித்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது. வியாபாரி மகனை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க, அந்தத் தூள் இன்னும் இருக்குதுங்களா? கால் கிலோ கட்டுங்க, பையன் தமிழ்ல ரொம்ப வீக்குங்க."

முழுசாக இருந்த ரசிகர்

எங்கள் மலையில் காட்டெருமை எதிரே வந்தால் கத்தக்கூடாது, ஓடக்கூடாது. அதுவாகப் போகும்வரை நிற்க வேண்டும். அருமைப்பிள்ளையும் புல்தரையில் அப்படியே நின்றார், அது அவர் கையிலிருந்த நாடகத்தின் ஐந்து அங்கத்தையும் நிதானமாகத் தின்றுவிட்டுப் போனது என்று கோயம்புத்தூர் ஆபீஸ் அம்மா ஒருவரிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க ஆபீஸ் நாடகத்துக்குப் பாதியிலயே எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. இது கடைசி வரைக்கும் இருந்துச்சே, இதுதானுங்க ரசிகர்!"

ஐந்தாவது அங்கம்

காட்டெருமைக் கதை நன்றாக ஓடியது. ஒருநாள் முதலாளியும் கேட்க வந்து நின்றார். நான் உற்சாகமாகச் சொல்லி முடித்தபோது கூட்டத்தில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். குன்னூரில் குடியேறிய ஓய்வுபெற்ற பேராசிரியராம், அருமைப்பிள்ளையைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவராம். "இவர் சொல்றது சுத்தப் பொய்" என்றார். போச்சு, வேலை போச்சு என்று முதலாளியைப் பார்த்தேன்.

"காட்டெருமை தின்னது நாலு அங்கம்தான், அஞ்சாவதை அது மோந்து பாத்துட்டு மிச்சம் வெச்சிருச்சு" என்றார் பேராசிரியர்.

கூட்டம் கைதட்டியது. முதலாளி அவர் கையைப் பிடித்து, நாளையிலிருந்து கைடாக வந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். பிறகு வெந்நீர் பாய்லர் பக்கம் எனக்குக் கையைக் காட்டினார்.

"நீ போயி வெறகு தள்ளு. வரலாறு தெரியாதவனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

பொய் சொன்னதற்காக வேலை போனவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொய்யைத் தப்பாகச் சொன்னதற்காக வேலை போனவன் இந்த நீலகிரியில் நான் ஒருவன்தான்.