கடைசி வீட்டுத் தண்ணீர்

ரந்தாவ் ஊருக்கு அருகே எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் கடைசி வீட்டை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மா வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டவர். கணவர் இறந்தபோதும் பாடை தூக்க யாரும் போகவில்லை. அந்த வாசலை மிதித்தாலோ, அங்கே சோறு தண்ணீர் என்று கை நனைத்தாலோ அவர்களும் ஒதுக்கு என்று கோயில் கூட்டத்தில் தீர்ப்புச் சொன்னவர் என் அப்பா. பிள்ளைகளுக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. அந்த வீட்டுத் தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று நாங்களே முடிவு செய்திருந்தோம்.

எனக்கு ஏழு வயதில் அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை சுவா ஊரில் லோரி வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், அப்பாவைவிட மூத்தவர். அத்தை மாட்டேன் என்றார். அப்பா அடித்தார். அதற்குப் பிறகு அத்தை வாயே திறக்கவில்லை. அதுவே சம்மதம் என்று பந்தல் போட்டார்கள்.

நலங்கு வைத்த மாலை, குளிக்கப் போன அத்தையைக் காணவில்லை. மஞ்சள் முகத்தோடு கடைசி வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். எல்லாரும் ஓடினோம். வேலியருகே வந்ததும் எல்லாரும் நின்றோம். வேலி என்று பெயர். சில செம்பருத்திச் செடிகள்தான்.

அப்பா கையில் விறகுக் கட்டை. "வெளிய வாடி! உள்ள வந்தேன்னா காலை ஒடச்சிருவேன்!"

"வாங்களேண்ணே," என்றார் அத்தை உள்ளிருந்து.

அப்பா கால் எடுத்து வைக்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா மோட்டார் சைக்கிளை அணைக்காமல், அதன்மேல் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. நீ போய்க் கூட்டிட்டு வா பாப்பா," என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார். செடிகளைத் தாண்டி நடந்தேன்.

உள்ளே இருட்டாக இருந்தது. அந்த அம்மா ஒரு குவளையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். என்னைவிட அவருக்குத்தான் பயம்.

"வேணாம்மா. அப்புறம் உன்னையும் என்னை மாதிரி ஆக்கிருவாங்க," என்றார் அத்தையிடம்.

அத்தை குவளையைப் பிடுங்கி முழுவதும் குடித்தார். கழுத்தில் வழிந்த தண்ணீர் மஞ்சளாக இறங்கியது.

"போய்ச் சொல்லு பாப்பா. அத்தை இங்க தண்ணி குடிச்சிட்டாங்கன்னு. சத்தமாச் சொல்லு, மாப்பிள வீட்டு ஆளுக்குக் கேக்கணும்லா."

சொன்னேன். மோட்டார் திரும்பிப் போனது. அப்பா கட்டையைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். என் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அது சாவு வீட்டு அழுகை. விஷம்தான் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

விடிந்ததும் செம்பருத்திச் செடிவரை ஓடினேன். அத்தை கடைசி வீட்டு வாசலில் தலை உலர்த்திக்கொண்டிருந்தார். முகத்தில் மஞ்சள் இல்லை. விஷம் மெதுவாகத்தான் வேலை செய்யும்போல என்று நினைத்து விம்மினேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சாகப்போகிறவருக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.