கொடுவாவின் வயிற்றில்

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் மீன் தின்னவில்லை. டின் மீன் தின்றார்கள். டின் மீனும் கடலில் பிடித்ததுதானே என்று நான் கேட்டதற்கு மாமி என் வாயில் அடித்தாள். அது வேறு கடல். அந்தக் கடலில் எங்கள் ஆட்கள் யாரும் போகவில்லை. ஒன்பது வயதில் இது எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் பொய். விளங்கியது. ஆனால் பசித்தது.

எங்கள் ஊர் பனிச்சங்கேணிக்குப் பக்கத்தில். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. அப்பா கடலுக்குப் போகமாட்டார். வாவியில் தூண்டில் போட்டுக் கொடுவா பிடிப்பார். சேற்றில் வேர்விட்ட கண்ணாமரங்கள் தண்ணீருக்கு மேல் கவிழ்ந்து நிற்கிற ஒரு மூலை உண்டு. வலைக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை, வேர் வலையைக் கிழித்துவிடும். தண்ணீருக்குள் முழுக்கச் சாதாளை. தோணி தள்ளும் சவளைப் போட்டால் சவளையே பிடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு அடர்ந்த பாசி. கொடுவாவுக்கு அதுதான் வேண்டும். நிழல் விழுகிற இடத்தில், சாதாளைக்கு நடுவே சட்டிவாய் அளவு வெளி இருக்கும். அதற்குக் கீழே ஆடாமல் அசையாமல் நிற்கும். இறால் ஒன்று மேலே வந்தால் டொப் என்று ஒரு சத்தம், இறாலைக் காணாது. தூண்டிலைச் சரியாக அந்தச் சட்டிவாய்க்குள் விட வேண்டும். ஒரு முழம் தள்ளி விழுந்தால் பாசியைத்தான் இழுத்துக்கொண்டிருக்கலாம்.

இயேசு பாலன் பிறந்த நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தொழிலுக்குப் போகக்கூடாது என்று மாமா முதல்நாளே அப்பாவுக்குச் சொல்லியிருந்தார். அம்மாவின் அண்ணன். கோயிலில் காணிக்கைத் தட்டு பிடிக்கிறவர்.

"கொடுவாவுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது மச்சான்" என்றார் அப்பா.

"உனக்கும் தெரியாதுதானே. நீங்க ரெண்டும் ஒரு சாதி."

காலையில் அப்பாவும் நானும் தோணியில் போய்விட்டோம். அம்மா தங்கச்சிக்கு நத்தார்ச் சட்டையைப் போட்டு, சிவப்புக்கல் தோட்டைக் காதில் மாட்டி, கடற்கரைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். தங்கச்சிக்கு மூன்றரை வயது. அந்தத் தோடு எனக்கு வாங்கியது. சின்னதாகப் போனதால் அவளுக்குப் போனது. அந்தக் கோபம் எனக்கு இருந்தது.

தண்ணீர் வந்தபோது நாங்கள் கண்ணாவுக்குக் கீழே இருந்தோம். வாவி எழும்பி எங்களைக் கிளைகளுக்குள் சொருகிவிட்டது. அப்பா என்னை மரத்தோடு சேர்த்துத் தூண்டில் நூலால் கட்டினார். தண்ணீர் வடிந்து ஊருக்குப் போனால் ஊர் இல்லை. அம்மா ஒரு பனைமரத்தில் இருந்தாள். தங்கச்சி அவள் கையில் இல்லை.

மாமாவின் மூத்த மகனும் போய்விட்டான். மாமா சவம் அடக்கிவிட்டு வந்து அப்பாவின் முன்னால் நின்று சொன்னார்: "கர்த்தர்ர நாளில தொழிலுக்குப் போனவன் தப்பிற்றான். கோயிலுக்குப் போனதுகள் போயிற்றுதுகள்." திட்டினாரா, கேள்வி கேட்டாரா தெரியாது.

கடலுக்குத் தள்ளி இருந்த பள்ளிக்கூடம் ஒன்றில் எங்களை வைத்திருந்தார்கள். ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். காலையும் மாலையும் பருப்பும் சோறும். யார்யாரோ வந்து வந்து படம் எடுத்தார்கள். அழுகிறவர்களைத்தான் எடுத்தார்கள். அம்மா அழவில்லை, அதனால் அம்மாவை யாரும் எடுக்கவில்லை.

அழாமல் என்ன செய்தாள் என்றால், ஒவ்வொரு நாளும் பஸ் ஏறினாள். ஓட்டமாவடி, வாழைச்சேனை, மட்டக்களப்பு. ஆஸ்பத்திரி, பிள்ளைகளை வைத்திருக்கிற இடங்கள், வேறு முகாம்கள். தங்கச்சியின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனால் என்னைக் கூட்டிப் போனாள். வாசலில் நிற்கிறவர்களிடம் என் தாடையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். "இந்த முகந்தான். இதவிடச் சின்னன். கொஞ்சம் வெள்ளை." அவர்கள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டுவார்கள். என்னைத்தான் வேண்டாம் என்கிறார்கள் போல இருக்கும். ஒரு மாதம் நான் படமாக இருந்தேன்.

அப்பா எங்கேயும் போகவில்லை. பள்ளிக்கூட மதிலோடு சாய்ந்து இருந்தார். முன்பு ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வந்து மீன் வாங்கும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் காக்கா என்போம், ஒருநாள் வந்தார். மீன் கேட்க வரவில்லை, ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்தார். "கொடுவாவ ஒருத்தனும் தொடுறான் இல்ல தம்பி" என்றார். வேறொரு ஊரில் கொடுவாவின் வயிற்றில் மோதிரம் ஒன்று இருந்ததாம். விரலோடு இருந்தது என்றும் சொன்னார்கள். கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் எல்லோரும் சொன்னார்கள்.

ஒருநாள் பஸ் ஏறச் சொன்னபோது வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். அம்மா தனியே போனாள். அவள் போனதும் நான் வாவிக்குப் போனேன். எனக்கு மீன் வேண்டும். கொடுவாக் குழம்பு வேண்டும். அந்தக் குழம்பை வைத்தால் அப்பா மதிலை விட்டு எழும்புவார், அம்மா பஸ் ஏறமாட்டாள், எல்லாம் பழையபடி வரும் என்று நினைத்தேன்.

தோணி நாங்கள் விட்ட இடத்திலேயே கிளைக்குள் சிக்கிக் கிடந்தது. தூண்டில் பெட்டியும் உள்ளே இருந்தது. கண்ணாமரம் முழுக்க ஊரின் சாமான்கள் தொங்கின. சீலை, தகரம், யாரோ ஒருவரின் கதவு. வேருக்கிடையில் கைவிட்டு இரண்டு இறால் பிடித்தேன். கவிழ்ந்த கிளையொன்றின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, சாதாளைக்குள் வெளி தேடினேன். சாதாளை முன்பைவிட அடர்ந்து கிடந்தது. மூன்று தரம் பாசியை இழுத்தேன். ஒரு இறால் போனது. நாலாம் தரம் நூலை நேரே கீழே இறக்கினேன்.

டொப்.

நூல் என் கையை அறுத்துக்கொண்டு போனது. விடவில்லை. விட்டால் வேருக்குள் ஓடிவிடும். கிளையில் இருந்து அப்படியே தண்ணீருக்குள் விழுந்தேன். கழுத்துவரை தண்ணீர், காலெல்லாம் பாசி. மீன் சாதாளைக்குள் தலையைச் சொருகி நின்றது. நான் பாசியோடு சேர்த்து மீனைக் கட்டிப்பிடித்தேன். கொடுவாவின் செவுள் மூடி சவர அலகு போல. உள்ளங்கை பிளந்தது. அதையும் பார்க்காமல், பாசியும் மீனும் நானுமாக உருண்டு கரைக்கு வந்தேன். என் பாதி உயரம் இருந்தது அந்த மீன். அப்பா பிடித்ததிலும் அப்படியொன்று நான் கண்டதில்லை.

வெறுங்கையால் தூக்க முடியவில்லை, வழுக்கியது. கிளையில் தொங்கிய பூப்போட்ட சீலைத் துண்டொன்றை இழுத்துச் சுற்றினேன். தோளில் போட்டால் சரிந்தது. கடைசியில் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அது சுலபமாக இருந்தது. பழகின வேலை, தங்கச்சியை அப்படித்தான் தூக்குவேன்.

பள்ளிக்கூடத்து வீதியில் வந்துகொண்டிருந்தபோது அம்மா பஸ்ஸால் இறங்கினாள். தூரத்தில் என்னைக் கண்டாள். நின்றாள். பிறகு ஓடிவந்தாள். அம்மா ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று கழன்று வீதியில் கிடந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டு ஓடினேன். மீனுக்கு இவ்வளவு சந்தோசமா என்று எனக்குப் பெருமை. கிட்ட வந்து இரண்டு கையாலும் சீலையை விலக்கினாள். மீனின் வாய் திறந்திருந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை. வீதியிலேயே குந்திவிட்டாள். நான்தான் அவள் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து காலில் போட்டேன்.

முற்றத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என்னகா இது, புள்ள கொடுவாவத் தூக்கிக்கு வாறாள்!"

"எறிடி அத! எங்கட ஆக்களத் திண்ட மீன்."

"ஆரு புள்ள உன்ன அங்க போகச் சொன்ன?"

மாமா குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். மாமி சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். மீன் நாறவில்லை, பிடித்து ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அப்போதுதான் அப்பா மதிலை விட்டு எழும்பி வந்தார். மீனைப் பார்த்தார். என் கையைப் பார்க்கவில்லை.

"வெட்டிப் பாப்பம்" என்றார்.

"தொடக்கூடா" என்றாள் அம்மா.

"பாத்தாத் தெரியும்."

"தெரிஞ்சி என்ன செய்யப் போறீங்க?"

"தெரிஞ்சா அழலாம்."

"நான் அழமாட்டன். எண்ட புள்ள எங்கயோ இரிக்கிறாள். நீங்க மதிலப் புடிச்சிக்கு இரிங்க, நான் தேடுறன்."

"ஒரு மாசமா எங்க தேடின? தண்ணியிலயா தேடின?"

அதற்கு முன் அவர்கள் ஊர் பார்க்கச் சண்டை பிடித்ததில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. தங்கச்சி, தங்கச்சி. உயிரோடு நிற்கிற நான் கை கிழியப் பிடித்த மீன் வெயிலில் காய்கிறது. இதற்குள் ஒன்றும் இல்லை என்று காட்டினால் சமைப்பார்கள்தானே. சமையல் கொட்டிலில் இருந்த கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். யாரும் தடுப்பதற்கு முன் மீனின் அடிவயிற்றில் சொருகி, தலைவரை இழுத்தேன். மீன்காரன் பிள்ளைக்கு அது பெரிய வேலையா. குடலை வெளியே எடுத்து, இரைப்பையைக் கிழித்து, மண்ணில் விரித்தேன். என் இறால் ஒன்று. பாதி கரைந்த மணலை மீன் குஞ்சு ஒன்று. சேறு.

"ஒண்டுமில்ல!" என்று கத்தினேன். "பாருங்க, ஒண்டுமே இல்ல!"

நல்ல செய்தி சொன்ன மாதிரி எல்லோர் முகத்தையும் பார்த்தேன். அம்மா என்னை இழுத்துக் கட்டிப்பிடித்தாள். மீன் இரத்தம் அவள் சட்டையெல்லாம் பட்டது. சிரித்தாள். "பாத்தீங்களா? சொன்னன்தானே?" என்று கூடி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். அப்பா குந்தி இருந்தார். அந்தக் குடலை விரலால் இன்னொரு தரம் தடவித் தடவிப் பார்த்தார். அந்தச் சேற்றைக்கூட விரல்களுக்கிடையில் வைத்துக் கசக்கினார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டார். ஒன்றும் இல்லாத அதே மீனுக்கு ஒருவர் ஏன் சிரிக்கிறார், மற்றவர் ஏன் அழுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. மீனை யாரும் சமைக்கவில்லை. மாமா கொண்டுபோய்ப் புதைத்தார்.

மறுநாள் விடியவே அப்பா வாவிக்குப் போனார். முகாமே சந்தோசப்பட்டது. "மனிசன் தொழிலுக்கு வெளிக்கிட்டுத்து" என்றாள் மாமி. மாமாகூட அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லாதபடியாலோ தெரியாது. மத்தியானம் அப்பா வெறுங்கையோடு வந்தார். அடுத்த நாளும் வெறுங்கை. அதற்கடுத்த நாளும். பெண்கள் கிணற்றடியில் சிரித்தார்கள். "புள்ளைக்குக் கொத்துற மீன் தகப்பனுக்குக் கொத்துதில்லயாம்." எனக்கு வெட்கமாக இருந்தது. வாவியிலேயே பெரிய கொடுவாக்காரர் என்று நான் நினைத்த மனிதர்.

ஐந்தாம் நாள் அப்பாவின் பின்னால் போனேன். தூரத்திலேயே பருந்துகள் தெரிந்தன, பத்துப் பதினைந்து, கண்ணாமரத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. கிட்டப் போகவே நாற்றம் அடித்தது. வேர்களின்மேல் கொடுவா வரிசையாகக் கிடந்தது. பெரியது, சின்னது, நேற்றையது, முந்தநாளையது. எல்லாம் வயிறு கிழித்தது. அப்பா இடுப்பளவு தண்ணீரில், கிளைக்குக் கீழே நின்று, அப்போது பிடித்த ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை இரத்தம். வயிற்றுக்குள் இருந்ததைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு மீனை வேரின்மேல் எறிந்துவிட்டு அடுத்த இறாலைக் கொளுவினார்.

"பருப்பத் தின்னு தின்னு வயிறு எரியுது!" என்று கரையில் நின்று கத்தினேன். "இவ்வளவு மீனயும் நாசமாக்கிறீங்க! உங்களுக்கு விசரா?"

அப்பா திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "இதிலயும் இல்ல புள்ள" என்றார். ஏதோ நானும் கேட்டு வந்தது போல. பிறகு தூண்டிலைச் சாதாளைக்குள் இறக்கினார்.

அழுதுகொண்டே ஓடிவந்தேன். அம்மா அன்றைக்குப் பஸ் ஏறி வந்து களைத்துக் கிடந்தாள். கோள் சொல்லித்தான் வந்தேன். அப்பாவுக்கு நல்ல பேச்சு வாங்கிக்கொடுக்க வேண்டும் என்றுதான் வந்தேன். பிடிக்கிற மீனையெல்லாம் வெட்டி எறிகிறார், பருந்து தின்னுகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழும்பி இருந்தாள்.

"எத்தின மீன் இரிக்கும்?"

"இருவது. கூடவும் இரிக்கும்."

"எல்லாத்தையும் வெட்டிப் பாத்தவரா? ஒண்டு விடாம?"

"ஓம்."

"ஒண்டுமில்லயாமா?"

"ஒண்டுமில்ல."

அம்மா சோற்றுக் கோப்பையை எடுத்து என்னிடம் நீட்டிச் சோறு போடச் சொன்னாள். அந்த ஒரு மாதத்தில் அவள் வாய்விட்டுச் சோறு கேட்டது அதுதான் முதல் தடவை. போட்டேன். தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். அதையும் போட்டேன். அப்பாவுக்கு ஒரு பேச்சும் விழவில்லையே என்ற ஆத்திரத்தில், கோப்பையில் கரண்டி அடிபட அடிபடப் போட்டேன்.