ரத்தினம் மெக்கானிக்கின் இடது கால்

போன செவ்வாய்க்கிழமை காலை மல்லிகா போன் செய்து, "அப்பா தவறிட்டாங்க சார்" என்றாள். நான், "எந்த மல்லிகா?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஷெட் வைத்திருந்த ரத்தினம் மெக்கானிக்கின் மகள். குழப்பம் என்னோடு கூடப் பிறந்தது என்று அவளுக்கும் தெரியும், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த ஒரு வாரமாக நான் படுகிற குழப்பம் வேறு. அவரிடம் வண்டி விட்டவர்களிடம்தான் அதைச் சொல்ல முடியும்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேட்டையும் தெரியும். மூடினால் லேசில் திறக்காது. திறந்ததும் இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பும். ரத்தினம் டீ கிளாஸோடு ஷெட் வாசலில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். "இஞ்சின் ஓடுது, வண்டி ஓடல பாருங்க. கிளட்ச் ஸ்லிப் ஆவுது" என்று ஒரு வண்டியைக் காட்டுவார். அந்த வண்டிக்காரர் பத்து நாளில் அவர் ஷெட்டிலேயே வந்து நிற்பார்.

வந்தவரிடம் உடனே தீர்ப்பும் சொல்லிவிடமாட்டார். வண்டியை ஓட்டி வந்தவரையே சீட்டில் உட்காரவைப்பார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, டாப் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை மெதுவாக எடுக்கச் சொல்வார். கிளட்ச் நன்றாக இருந்தால் இஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். "நான் சொன்னா நம்பாதீங்க, உங்க கால் சொல்லட்டும்" என்பார். கழற்றிய பழைய சாமானை வண்டி நம்பர் எழுதி, பேப்பரில் சுற்றி உரியவரிடமே கொடுத்துவிடுவார். "பாத்துக்குங்க, நாளைக்குச் சந்தேகம் வரக்கூடாது."

எனக்கு வந்திருக்கிற சந்தேகத்துக்கு வயது ஐம்பதுக்குப் பக்கம்.

எழுபதுகளில் ஒரு மாசி மாதம். நன்னிலம் பக்கம் எங்கள் நிலத்தைக் கோவிந்தன் என்பவர் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்ததும் அவர் பதிந்துகொண்டார். என் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. இருவரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள், ஒரே தலைவரின் படத்தை வீட்டில் மாட்டியிருந்தவர்கள். அப்படி இருந்தும் இந்த நிலை எப்படி வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளைந்து நின்ற சம்பாவை வெளியூர் ஆட்களை வைத்துத் தானே அறுத்துவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தார். கோவிந்தன் வரப்பில் படுத்தாவது தடுப்பேன் என்று சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்து ஊர்களில் இப்படி ஆரம்பித்த அறுப்புகள் வெட்டுக்குத்தில் முடிந்திருந்தன. அண்ணனின் சீட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். காரை ஓட்டியது நான்.

ஆட்கள் டிராக்டரில் முன்னால் போய்க் கேட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் மன்னார்குடியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் இஞ்சின் கத்தியது, கார் ஏறவில்லை. கருகல் வாசனை வேறு. அண்ணன் திட்டிக்கொண்டே வந்தார். தட்டுத் தடுமாறி ரத்தினத்தின் ஷெட்டுக்குள் விட்டேன்.

நான் வழக்கம்போல சீட்டிலேயே இருந்தேன். ரத்தினம் கதவைத் திறந்து, கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எறங்குங்க தம்பி" என்றார். அவரே ஏறி உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக், டாப் கியர். இஞ்சின் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் திறந்திருந்த பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரத்தினத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிளேட் போயிடுச்சுங்க ஐயா. தஞ்சாவூர்லேருந்து வரணும். ரெண்டு நாள் ஆவும்" என்றார்.

டிராக்டரில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆட்களோடு டிரெய்லரில் நின்றுகொண்டு போவதற்கு அண்ணனின் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் போய் இறங்கி அறுப்பை நடத்துவதா என்று கேட்டார். அவர் இல்லாமல் ஆட்களும் கிளம்பமாட்டோம் என்றுவிட்டார்கள். அந்த இரண்டு நாளில் தாசில்தார் வந்து, இரு தரப்பையும் நிற்கவைத்து அறுக்கச் செய்து, நெல்லைக் களத்திலேயே பிரித்துக் கொடுத்தார். அண்ணன் வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கோவிந்தன் மகன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாகும்வரை அவருக்கு அந்த பிளேட் மேல்தான் கோபம்.

மூன்றாம் நாள் காரை எடுக்கப் போனபோது பழைய பிளேட்டைக் கேட்டேன். "எங்கயோ கெடக்கு, தேடி வைக்கிறேன் தம்பி" என்றார். பிறகு பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். அதே பதில். ஒரு நட்டைக்கூடத் தொலைக்காத மனிதர். கிளம்பும்போது ஒன்று சொன்னார். "ஓட்டும்போது எடது காலக் கீழ வைங்க." சும்மா காலை வைத்திருந்தாலே கிளட்ச் பாதி அமுங்கி, இஞ்சின் வேகம் சக்கரத்துக்குப் போகாது. இதை எல்லோரிடமும் சொல்வார் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிற்பாடு, மற்றவர்கள் சீட்டில் உட்காருவதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு அது உறுத்தியது. அத்தனை வருஷத்தில் அவரே ஏறி உட்கார்ந்து சோதித்தது அந்த ஒரு நாள்தான். மிதியைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் எந்த நல்ல கிளட்சும் வழுக்கத்தான் செய்யும், இஞ்சின் நிற்காது. அவர் காலை முழுதாக எடுத்தாரா? கேட்க நாக்கு வரவில்லை. கேட்டால் தேடி வைக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

இறுதிச் சடங்கு முடிந்து கிளம்பும்போது மல்லிகா ஒரு பழைய துணி மூட்டையைக் கொண்டுவந்தாள். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க சார். நீங்க தெனம் கேட்டீங்களாமே." உள்ளே கிளட்ச் பிளேட். ஓரத்தில் எங்கள் காரின் நம்பர், அவருடைய கோணல் கையெழுத்தில்.

வீட்டுக்கு வந்து, அவர் சொல்லிக்கொடுத்தபடி ரிவெட் தலைமேல் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன். பிளேட்டின் பட்டை ரிவெட்டோடு மட்டமாகத் தேய்ந்திருந்தால் அது முடிந்தது. நகம் இறங்குகிற பள்ளம் இருந்தால் இன்னும் ஓடும். நகம் இறங்கியது. சுற்றி வந்து ஒவ்வொரு ரிவெட்டிலும் இறங்கியது.

அவர் பொய் சொன்னது உறுதியாகிவிட்டது. அந்தப் பொய்யினால் அண்ணன் ஜெயிலுக்குப் போகவில்லை, கோவிந்தன் உயிரோடு வீடு திரும்பினார். கோவிந்தனுக்காகச் சொன்னாரா, அண்ணனுக்காகவா, எனக்கு இனித் தெரிய வழியில்லை. நன்றி சொல்லாமலே விட்டுவிட்டேன். ஆனால் என்னைத் தூங்கவிடாதது அதுவல்ல. பிளேட் நன்றாக இருந்தது என்றால், ரத்தினத்திடம் வருவதற்கு முன்பே, பாலத்து ஏற்றத்தில், கார் ஏன் ஏறவில்லை?

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்த பிளேட்டும், இடது காலைக் கீழே வைக்கச் சொன்ன அந்த ஒரு வார்த்தையும்தான். அன்று அவர் காலை நான் பார்க்கவில்லை. என் காலை அவர் பார்த்திருக்கிறார்.