ஸ்டேஷன் நேரம் வந்த வருஷம்

ரயில் ஸ்டேஷன் கடிகாரத்தை ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்த வருஷம், என் மூத்த பெண் நான்கு மாதக் கைக்குழந்தை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதலாளியின் தறிக்கூடத்தில் நான் ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரும் அங்கேதான் தறியில் இருந்தார். நெய்கிற ஆண்களுக்குப் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் எப்போது வந்தாலும் யாரும் கேட்பதில்லை. நூல் சுற்றுகிற பெண்களுக்கு நாள் கூலி. அதனால் மணி அடிப்பதெல்லாம் எங்களுக்காகத்தான்.

நேரம் மாறிய சேதியை முதலாளிதான் கொண்டுவந்தார். மெட்ராஸுக்கு அனுப்பவேண்டிய புடவை மூட்டையோடு காலையில் ஸ்டேஷனுக்குப் போனவர், போன வேகத்திலேயே மூட்டையோடு திரும்பி வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"வண்டி பூடுச்சு. நான் சரியான நேரத்துக்குத்தான் போனேன். கேட்டா, இனிமே தேசத்துக்கே ஒரே நேரமாம். நம்ம நேரத்தைவிட ஒன்பது நிமிஷம் முன்னாடியாம்."

"சூரியனுக்கும் சொல்லிட்டாங்களா?" என்று என் பக்கத்து ராட்டைக்காரி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே இடுப்பில் செருகிக்கொள்ளும் கடிகாரம் ஒன்று வாங்கி, ஸ்டேஷனுக்கே போய் அதில் நேரம் வைத்துக்கொண்டு வந்தார். கூடத்துச் சுவரில் தொங்கிய பெரிய கடிகாரத்தை மட்டும் அவர் தொடவில்லை.

அதிலிருந்து காலை மணி சீக்கிரம் அடிக்க ஆரம்பித்தது. ஒன்பது நிமிஷம் என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் என் காலைப் பொழுதில் அவ்வளவு இடம்கூடக் காலியாக இல்லை. வாசல் தெளித்து, தண்ணீர் தூக்கி, கூழ் காய்ச்சி, கடைசியில் குழந்தையை மடியில் போட்டுக்கொள்வேன். முன்பெல்லாம் அவள் இரண்டு பக்கமும் குடித்துவிட்டுத் தூங்கிப்போவாள். இப்போது ஒரு பக்கம் முடியும்போதே மணி அடித்துவிடும். வாயிலிருந்து பிடுங்கி ஓரகத்தி கையில் கொடுத்துவிட்டு ஓடுவேன். அழுகைச் சத்தம் தெருமுனை வரைக்கும் கூடவே வரும். குடிக்காத பக்கம் நேரம் ஏற ஏறக் கல்லாகிவிடும். பிறகு தானாகவே கசிந்து முந்தானையை நனைக்கும். பட்டில் பட்டுவிடப் போகிறதே என்று துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டு சுற்றுவேன்.

முதலாளியின் மனைவி தினமும் கூடத்துக்கு வந்து நூலை நிறுத்துக் கொடுப்பார். சுற்றியதைத் திரும்ப நிறுத்து வாங்குவார். அதிகம் பேசமாட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களோடு பேசும்போது தமிழை நிறுத்தி நிதானமாகப் பேசுவார். அன்றைக்கு என்னிடம் நூலைக் கொடுக்க வந்தவர், என் முந்தானையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, பால் குடுக்காமலா வந்தே?"

"பாதிதான் குடுத்தேம்மா. மணி முன்னாடியே அடிச்சுடுதே."

"எப்பலேர்ந்து?"

"முதலாளி புதுக் கடியாரம் வாங்கினதுலேர்ந்து."

அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "காத்தாலே முன்னாடி வந்தா, சாயங்காலமும் முன்னாடி இல்ல போவணும்?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. அத்தனை நாளாக எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. காலையில் இடுப்புக் கடிகாரத்தைப் பார்த்து மணி அடித்தார்கள். சாயங்காலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அஞ்சரைக்கு எங்களை வெளியே விட்டார்கள். முதலாளியம்மா நூலை நிறுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், பெரிய இடத்து விஷயம், விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

சாயங்காலம், வேலை முடிவதற்குச் சற்று முன்பு, மறுபடி கூடத்துக்கு வந்தார். முதலாளி ஒரு தறிக்குப் பக்கத்தில் நின்று ஜரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, உங்க கடியாரத்துல இப்ப மணி என்ன?"

தெலுங்கில் கேட்டிருக்கலாம். எங்களுக்கும் புரியட்டும் என்றேதான் தமிழில் கேட்டார். முதலாளி ஏதோ கவனத்தில் இடுப்பிலிருந்து எடுத்துப் பார்த்து, "அஞ்சரை" என்றார்.

"சுவத்துல இன்னும் ஒன்பது நிமிஷம் பாக்கி இருக்குதே. இவங்க காத்தாலே எந்த மணிக்கு வந்தாங்க?"

தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. முதலாளிக்குக் காது சிவந்துபோனது. "ஒன்பது நிமிஷத்துக்கா இவ்ளோ பேச்சு?" என்றார்.

"ஒன்பது நிமிஷத்துக்குத்தானே உங்க வண்டி பூடுச்சு? அன்னிக்கு வீட்டுல சோறுகூடத் தின்னலியே நீங்க."

யாரோ ஒருவர் இருமினார். முதலாளியம்மா ஒரு மணைக்கட்டையை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்தார். அது அவருடைய அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த சீதனம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். பெரிய முள்ளை விரலால் மெதுவாகத் தள்ளி அஞ்சரையில் நிறுத்தினார்.

"நேரத்தை எப்படி வேணா வெச்சுக்குங்க. காத்தாலைக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணுன்னு மட்டும் வெச்சுக்காதீங்க."

சொல்லிவிட்டு இறங்கி, தானே போய் மணியை அடித்தார். நாங்கள் முதலாளியின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, ராட்டையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தோம்.

அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது. மறுநாள் உள்ளே நுழையும்போது எல்லோருடைய கண்ணும் சுவருக்குத்தான் போனது. முள் திரும்பிப் போகவில்லை. முதலாளி எங்கள் எதிரிலேயே இடுப்புக் கடிகாரத்தை எடுத்து, இரண்டும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். அந்த மனுஷனுக்கும் அதற்கு ஒரு மனது வேண்டும். பிறகு யாரையும் பார்க்காமல், "கைக்குழந்தைக்காரிங்க நடுவுல ஒரு தரம் வீட்டுக்குப் போய்ட்டு வரலாம். கூலியில பிடிக்கமாட்டோம்" என்றார். சொன்னது அவர் வாய். சொல்லவைத்தது யார் என்று எங்களுக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் சாயங்காலம் வெளிச்சம் மிஞ்ச ஆரம்பித்தது. கூடத்தை விட்டு வரும்போது சர்வதீர்த்தக் குளத்தில் இன்னும் வெயில் கிடக்கும். முன்பெல்லாம் இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று வேலையிலிருந்து நேராக அடுப்படிக்கு ஓடியவர்கள், இப்போது படியில் கொஞ்சம் உட்கார்ந்தோம். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். உட்கார்ந்து பேசியது போய்க் கும்மி வந்தது. தெரு ஜனங்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த ரயில்காரர்களுக்கு நாம் ஒரு கும்பிடு போடவேண்டும் என்று என் பக்கத்து ராட்டைக்காரி சொல்லுவாள்.

ஒருநாள் முதலாளியம்மா குளத்துப் பக்கம் வந்தார். கும்மியை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றோம். அவர் மடியிலிருந்து உடைந்துபோன தறிக்குச்சிகள் சிலவற்றை எடுத்தார். ஒரே அளவாக வெட்டி, கை உறுத்தாமல் இழைத்திருந்தார்.

"எங்க ஊர்ல கோலாட்டம் போடுவோம். கல்யாணம் ஆனப்புறம் தொட்டதில்ல" என்றார்.

முதலில் ஒருத்தியோடு, பிறகு நான்கு பேரோடு, பிறகு வட்டமாக. தெலுங்கில்தான் பாடினார். அர்த்தம் புரியாவிட்டாலும் தாளம் எங்களை இழுத்துக்கொண்டு போனது. நூல் நிறுக்கும்போது இமை அசையாத அந்த முகம் குழந்தை முகமாகிவிட்டது. குனிந்து எழுந்து திரும்பி, கொண்டை அவிழ்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். மணைக்கட்டையில் ஏறி நின்றபோதுகூட எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

இருட்டியதும் குச்சிகளைச் சேர்த்து எங்களிடமே கொடுத்துவிட்டு, தலையை முடிந்துகொண்டார். நான்கு படி ஏறியவர் நின்று திரும்பினார்.

"நாளைக்கும் நான் வரலாமா?" என்று எங்களைக் கேட்டார்.