வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பையோடு போன வெள்ளிக்கிழமை

வாங்க, எல்லாரும் சௌக்கியமா? உங்கள் பக்கம் மழை தலைகாட்டியதா? எங்கள் நாட்றம்பள்ளிப் பக்கம் மேகம் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. தென்னையில் வெள்ளை ஈ வேறு. சரி, அதை ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

போன தடவை மாட்டுச் சந்தைக்குப் போன கதை சொன்னேன். இந்தத் தடவை என் வீட்டுக்காரி செல்வியை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன கதை. இதே மாதிரி கை கால் மரத்துப்போய், என்ன நோய் என்றே தெரியாமல் அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் பக்கம் போகாதவன். நான் போனில் சொல்லச் சொல்ல எழுதிப் போடுவது என் மகள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

பொங்கலுக்கு முன்னாடி ஆரம்பித்தது. கோலம் போட உட்கார்ந்தவள் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். அப்புறம் செருப்பு ஒன்று கழன்று வழியிலேயே கிடக்கும், இவள் பாட்டுக்கு நடந்து வருவாள். கேட்டால் தெரியவில்லை என்பாள். டம்ளர் கையிலிருந்து நழுவும். மத்தியானம் ஆனால் அடித்துப் போட்ட மாதிரி படுத்துவிடுவாள். நாலு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தவள் அவள்.

ஊர் டாக்டர் சத்து இல்லை என்று ஊசி போட்டார். சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. தைராய்டு பார்த்தார்கள், அதுவும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், யாரோ மண்ணை எடுத்து மந்திரித்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் அறுத்தார். அவர் அறுத்த பழத்தில் வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு ஊறுகாய் போட்டிருக்கலாம். கால் மட்டும் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம்தான் வேலூர். நாட்றம்பள்ளியிலிருந்து சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்குள் போய்விடலாம். ஆனால் நாங்கள் நேராகப் போவதில்லை, நடுவில் ஆம்பூரில் இறங்குவோம். பிரியாணிக்காக என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்துக்கு அண்டா அடுப்பிலேயே ஏறியிருக்காது. (சாப்பிடுவதென்றால் பதினொன்றரைக்குப் போங்கள். கத்தரிக்காய்க் குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்குங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.) ஆம்பூரில் ஒரு மேஸ்திரி இருக்கிறார். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டிய தோலை வீடு வீடாகக் கொடுத்து, ஓரம் மடித்து ஒட்டித் தரச் சொல்லி வாங்குவார். செல்வி செய்து முடித்ததை ஒரு பையில் எடுத்துப்போய் அவர் ஷெட்டில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ் ஏறுவோம். போகிற வழிதானே.

இப்படி இரண்டு தடவை போய்வந்தோம். ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல மாட்டேன். தலையைப் படம் எடுத்தார்கள், நன்றாக இருந்தது. காலில் ஒயர் வைத்துக் கரண்ட் விட்டுப் பார்த்தார்கள். நரம்பு கெட்டிருப்பது நிச்சயம், எதனால் என்று இன்னும் பார்க்க வேண்டும் என்றார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று இரண்டு தடவையும் கேட்டார்கள். "வீட்லதான் இருக்கேன்" என்றாள் செல்வி. நானும் தலையாட்டினேன்.

மூன்றாவது தடவை வெள்ளிக்கிழமையாக அமைந்தது. ஆம்பூரில் வெள்ளிக்கிழமை தொழுகை நாள், பாதிக் கம்பெனி லீவு என்பது ஊருக்கே தெரியும், எங்களுக்கு மறந்துவிட்டது. ஷெட்டில் பூட்டுத் தொங்கியது. மேஸ்திரி போன் எடுக்கவில்லை. எதிர் டீக்கடையில் பையை வைக்கக் கேட்டேன்.

"வாணாம்ணா. போன மாசம் ஒருத்தர் வெச்சிட்டுப் போனாரு, எலி கடிச்சிட்ச்சி. எலிக்கும் சேத்து என்னியத் திட்னாரு" என்றார் கடைக்காரர்.

வேறு வழியில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டே வேலூர் போனோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டியவர் ஒரு பாய். கொஞ்ச தூரம் போனதும் மூக்கை உறிஞ்சினார்.

"பையில இன்னாக்கா, பெயின்ட்டா? தல சுத்துது."

"உன் பீடிக்கு இது எவ்ளோவோ தேவல பாய். நேரா பாத்து ஓட்டு" என்றாள் செல்வி.

பாய் சிரித்துவிட்டார். இறங்கும்போது அவள் கால் படியில் நிற்கவில்லை, மடங்கிக்கொண்டது. பாய் சிரிப்பை விட்டுவிட்டு ஓடி வந்து ஒரு பக்கம் பிடித்தார். "பேஜார் ஆவாதக்கா, இங்க வந்துட்ட இல்ல, பாத்துக்குவாங்க" என்றார். என் ஆட்டோக் காசை மட்டும் வாங்கிக்கொண்டு, அவளுடையதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா எங்கள் மகள் வயதுதான் இருப்பார். செல்வி பையை நாற்காலிக்கு அடியில் தள்ளி, புடவையால் மறைத்துக்கொண்டாள். டாக்டரம்மா கண்ணைக் கட்டி விரலைத் தொடுகிற சோதனை எல்லாம் செய்தார். செல்வி எந்த விரல் என்று தப்புத் தப்பாகச் சொன்னாள். நடுவில் டாக்டரம்மா நிறுத்திவிட்டு முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன வாசனை?"

"ஒண்ணுமில்லம்மா. ஷூ அப்பர். ஆம்பூர்ல குடுக்கறது. இன்னிக்கு லீவுன்னு பூட்டிக்கினாங்க."

"நீங்க வேலைக்குப் போறதில்லன்னு எழுதியிருக்கே?"

"ஆமாம்மா, போறதில்ல. வீட்லதான்."

"அப்போ இது?"

"இது வேலை இல்லம்மா. சமையல முடிச்சிட்டு, டிவி பாத்துக்கினே ஒட்றது."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எதால் ஒட்டுகிறீர்கள், எவ்வளவு நேரம், கதவு திறந்திருக்குமா, கையில் என்ன போட்டுக்கொள்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செல்வி மெதுவாகச் சொன்னாள். சொல்யூஷன் என்கிற அந்தப் பசையை விரலால்தான் தடவுவாளாம். காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்திக்கொள்வாளாம். பிசுக்குப் போகத் தின்னர் போட்டுக் கை கழுவுவாளாம். எத்தனை வருஷம் என்றதற்கு என்னைப் பார்த்தாள். மகள் பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்தது என்றேன். மகளுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தையே இருக்கிறது.

டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்தப் பசையில் கலக்கிற மருந்து ஆவியாகி உடம்புக்குள் போய் நரம்பைத் தின்னும். நுனியிலிருந்து ஆரம்பிக்கும், அதனால்தான் முதலில் பாதம், அப்புறம் கை. இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கிறது, ஆனால் அநேகமாக இதுதான். இன்றோடு தொடக்கூடாது.

"விட்டுட்டா சரியாய்டுமா?" என்று நான் கேட்டேன்.

"விட்டாலும் இன்னும் கொஞ்ச மாசம் ஜாஸ்திதான் ஆகும். அப்புறம் மெல்லத் திரும்பும். முழுசா திரும்புமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

பேர் தெரிந்துவிட்டால் பாதி நோய் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு இத்தனை மாதம் அலைந்திருக்கிறேன். பேர் தெரிந்தபோது, அவள் நாற்காலிக்கு அடியில் இருந்த பையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன், அவள் தொடவில்லை.

"இத்தினி வருசத்துல அத வேலைன்னு சொன்னது இந்தம்மாதான்" என்றாள். "உங்கம்மா சாவுற வரிக்கும், மருமவ சும்மா குந்தினு துன்றான்னுதான சொல்லிக்கினு இருந்தாங்க."

இட்லியைத் திரும்ப மடித்து வைத்தேன்.

திரும்பும்போதும் ஆம்பூரில் ஷெட் பூட்டித்தான் இருந்தது. பையைத் திண்டில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. மறுநாள் நானே தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஸ்திரி நல்ல மனுஷர்தான், கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. "அண்ணி கை மாதிரி சுத்தமான கை யாருக்கும் வராதுண்ணா" என்றார். அதோடு நிற்கவில்லை. "பக்கத்துல வேற யாராச்சும் பொம்பளைங்க செய்வாங்களா?" என்று கேட்டார்.

எங்கள் தெருவில் ஏழெட்டு வீட்டில் செய்கிறார்கள். செல்வி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், அப்போது சுவரைப் பிடித்தாவது நடப்பாள். இரண்டு பேர் கதவைத் திறந்துவைத்து ஒட்டுகிறார்கள். மற்றவர்கள், உனக்கு உடம்பு வாகு அப்படி, எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பஸ்ஸில் முன்படிக்குப் பக்கத்து சீட்டாகக் கேளுங்கள், கால் சரியில்லாதவர்களுக்குக் கண்டக்டர் இடம் பிடித்துத் தருவார். ஆஸ்பத்திரி வாசலிலேயே சக்கர நாற்காலி கேட்கலாம், கூச்சப்படாதீர்கள். பழைய சீட்டு, படம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, என்ன வேலை என்று கேட்டால் சம்பளம் வருகிற வேலையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். காலையிலிருந்து படுக்கிறவரை கை எதை எதைத் தொடுகிறதோ அத்தனையும் சொல்லுங்கள். புடவைக்குப் பின்னால் எதையும் மறைக்காதீர்கள்.

செல்வி இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பீர்கள். டாக்டரம்மா சொன்ன மாதிரியே ஜாஸ்திதான் ஆகியிருக்கிறது. சுவரைப் பிடித்து நடந்தவள் இப்போது என் தோளைப் பிடிக்கிறாள். சோறு நான் வடிக்கிறேன். குழம்பு அவள் உட்கார்ந்தபடி சொல்ல, நான் வைக்கிறேன், அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுகிறாள். ஜாஸ்தியாவது நின்று மெல்லத் திரும்ப ஆரம்பிக்கும் மாதம் இதுதான் என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை வலது கால் கட்டைவிரலை நான் கிள்ளியபோது அவள்—

(போனில் அம்மா குரல் கேட்கிறது, அதையும் எழுதிவிட்டேன் — மகள்.)

"ஏங்க, எங்க போய்ட்டீங்க? கொஞ்சம் வந்து தூக்கி வுடுங்க, கீழ குந்திட்டேன்."