சொல்லாமல் விட்ட கேதம்

காலை பதினொன்று இருபதுக்கு எல்லாம் தப்பாகப் போகத் தொடங்கியது. என் மாமனாரின் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் பெயரைக் கோர்ட் வாசலில் டவாலி மூன்று முறை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. எங்கள் வக்கீலம்மா எழுந்து வாய்தா கேட்டார். இதுதான் கடைசி வாய்தா என்று சொல்லி ஜட்ஜ் கொடுத்தார். 

இலுப்பூரில் இருந்த ஒரே வீட்டை மாமனார் என் மகனுக்கு எழுதி வைத்திருந்தார். அவனுக்கு இருபத்து நான்கு வயது. பேச்சு அதிகம் வராது. அந்த வீட்டின் கதவு, சுவர், குழாய் எல்லாம் அவன் கைக்குத் தெரியும். வேறு இடத்தில் இரண்டு நாள் தங்கினாலே சாப்பிட மாட்டான். அவன் அப்பாவும் உயிரோடு இல்லை. எனக்குப் பிறகு அவனுக்கு அந்த வீடாவது இருக்க வேண்டும். உயிலில் இருப்பது தன் அப்பாவின் கையெழுத்தே இல்லை என்று கொழுந்தனார் வழக்குப் போட்டார். பதிவு செய்த உயிலுக்குச் சாட்சி எதற்கு என்று நான் அசட்டையாக இருந்துவிட்டேன். பதிவே ஆனாலும், கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர் ஒருவராவது வந்து சொல்ல வேண்டுமாம். இரண்டு சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார். மீதி இருந்தவர் மாமனாரின் ஐம்பது வருடக் கூட்டாளி, உரக்கடைக்காரர்.

வக்கீலம்மா என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கறுப்புக் கோட்டில் ஒரு பொத்தான் எப்போதும் இருக்காது. அவர் ஆபீசுக்கு நாங்கள் போனதும் என் மகன் கையில் ஒரு டப்பா பச்சை நூல் டேக்குகளையும் பழைய தாள்களையும் கொடுத்துக் கோக்கச் சொல்வார். அவன் கோத்த கட்டுகளை வாங்கி மேசையிலேயே வைத்துக்கொள்வார். சில நாள் தன் புளிச்சோற்றில் பாதியை அவனுக்கு வைப்பார். வெளி இடத்தில் வாய் திறக்காத பிள்ளை அங்கே சாப்பிட்டான்.

சாட்சி வராத அன்று மத்தியானம் அவர் கேஸ் கட்டைத் திறக்கவே இல்லை. உரக்கடைக்காரருக்கு என்ன வருத்தம் என்று மட்டும் கேட்டார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமனார் இறந்த அன்று அவருக்குக் கேதம் சொல்ல, அதாவது சாவுச் சேதி சொல்ல, ஆள் போகவில்லை. கொழுந்தனார் அனுப்பியிருப்பார் என்று நான் நினைத்தேன், நான் அனுப்பியிருப்பேன் என்று அவர் நினைத்தார். மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் உரக்கடைக்காரருக்குத் தெரிந்ததாம். சம்மன் கொண்டுபோனவரிடம், "அந்தப் போஸ்டரையே வந்து சாட்சி சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

வக்கீலம்மா சிரித்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வாரண்டு போட்டு வரவைக்கலாம்க்கா. கோவத்துல வந்து ஞாபகம் இல்லைன்னுட்டா என்ன பண்றது? நீங்க போயி மொதல்ல கேதம் சொல்லுங்க. கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

இரண்டு வருடம் கழித்தா என்று கேட்டேன். "அவருக்கு இன்னும் யாரும் சொல்லலையேக்கா" என்றார்.

மறுநாள் குன்றாண்டார்கோவில் பக்கம் உரக்கடைக்காரர் தங்கியிருந்த அவர் மகன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், வாசலிலேயே நின்றேன். "மாமா தவறிட்டாங்க" என்றேன்.  அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தது, கடைசியாக என்ன கேட்டான் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். விடியற்காலை நாலு மணிக்கு, நான்தான் இருந்தேன், வெந்நீர் கேட்டாங்க என்றேன். கேதம் சொல்ல வந்தவர்கள் "போயிட்டு வாரேன்" என்று சொல்லக்கூடாது. சொல்லாமலே திரும்பிவிட்டேன். வருவாரா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

வக்கீலம்மா இப்போது மதுரையில் இருக்கிறார். எங்கள் வீட்டு முன்வாசல் விசிறிக்கடியில் என் மகன் அவர் கொடுத்த டேக்குகளைக் கோத்துக்கொண்டிருக்கிறான். வீட்டைக் காப்பாற்றியது நீங்கள்தான் என்று போனில் சொன்னால், டப்பாவில் டேக் தீர்ந்துவிட்டதா என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அந்தக் கடைசி வாய்தா அன்று டவாலி வாசலுக்கு வந்து அதே பெயரைக் கூப்பிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாம் முறை கூப்பிட வாயெடுக்கும்போது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. உரக்கடைக்காரர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்ங்க" என்றார். "அதான் நேர்ல வந்து சொல்லிட்டாங்கள்ல."